ஜெயசீலனுக்குக் கொடுத்த தவணை

மத்திய சிறை, பாளையங்கோட்டை
12 செப்டம்பர் 2022

பியூலா,

நேற்று கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதும் உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். இங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏழு வருஷம் என்று ஜட்ஜ் வாசித்தபோது வேறு யாருக்கோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி ஜெயசீலனைப் பார்த்தேன். தரையைப் பார்த்தபடி நின்றான். அவனும் நானும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் மக்காச்சோளத்துக்கும் என் மக்காச்சோளத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். காட்டுப்பன்றிக்காக அந்த வரப்பில் கரண்ட் கம்பி இழுத்தவன் அவன். "வேண்டாம்லே, ஆடும் ஆளும் நடக்குத வழி" என்று நான் சொன்னபோது நீயும்தான் பக்கத்தில் நின்றாய். மறுநாள் விடியக்காலம் ஆட்டைத் தேடி வந்த மாடக்கண்ணு அண்ணன் அந்தக் கம்பியில் சிக்கிச் செத்துக் கிடந்தார். போலீஸ் வந்ததும், "தேவதிரவியந்தான் கட்டுனான், நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டான் ஜெயசீலன்.

நான் மோட்டார் மெக்கானிக். கம்பி என் கடையில் வாங்கியது. வரப்பில் எனக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நான் அன்று வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்று நீ கூண்டில் ஏறிச் சொன்னாய். பெண்டாட்டி சொல் எப்படிச் செல்லும் என்று தள்ளிவிட்டார்கள்.

கேஸ் நடந்த நாளெல்லாம் நான் பயப்படவே இல்லை. கடைசி நிமிஷத்திலாவது கர்த்தர் ஏதாவது செய்வார் என்று இருந்தேன். கடைசி நிமிஷமும் போய்விட்டது. நேரம் தவறிவிட்டார், அவ்வளவுதான்.

பிள்ளை ஹெப்சியைக் கூட்டிக்கொண்டு கயத்தாற்றில் உன் தம்பி செல்வின் வீட்டுக்குப் போய்விடு. ஜெயசீலன் உட்காருகிற கோயிலில் நீயும் போய் உட்கார வேண்டாம்.

தேவதிரவியம்


நடுக்கரிசல்
3 அக்டோபர் 2022

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஹெப்சி வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் என்னிடம் தந்தாள்.

நாங்கள் கயத்தாற்றுக்குப் போகவில்லை. கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். மோட்டாருக்குக் காயில் கட்ட எனக்குத் தெரியாது. வயர், சுவிட்ச், பெல்ட் விற்கத் தெரியுமே. புரட்டாசிக் காற்றில் நிலத்தையும் உழுது உளுந்து விதைத்துவிட்டேன். நாம் ஊரைவிட்டுப் போனால், தப்புச் செய்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்றுதான் பேச்சு வரும்.

குழாயடியில் பெருமாயி அக்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏட்டி, ஒம் புருசன் ஏழு வருசங் கழிச்சி வந்திருவான். எம் புருசன் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். அவளுடைய புருஷன் செத்தது உண்மை. நீங்கள் கொல்லவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நின்றுவிட்டது.

கோயிலுக்கும் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன ஞாயிறு திருவிருந்து ஆராதனை. ஜெயசீலன் கடைசி வரிசையில் இருந்தான். நம் சபைக்குரு ஐயர் அப்பத்தை எடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட்டான். அதற்கு முந்திய மாதமும் அப்படித்தான் போனானாம். கர்த்தர் அவனை இன்னும் விடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நேரம் தவறிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படி நினைக்க வருகிறது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? நடுவில் இருந்துகொண்டு முடிவைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அத்தான். நான் காத்திருக்கிறேன்.

உங்கள் பியூலா


பாளையங்கோட்டை
20 பிப்ரவரி 2023

பியூலா,

தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. உனக்கும் சொல்லியிருப்பார்கள். மேல்முறையீடு மதுரையில் எப்போது வரும் என்று வக்கீலம்மாவுக்கே தெரியவில்லை.

ஜெயசீலன் எழுந்து போகிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்று எனக்கு எழுதாதே. அவன் விளங்காமல் போகவேண்டும் என்று நான் தினமும் ஜெபிக்கிறேன். நீ அவனுக்காக வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருந்தால், நம் இரண்டு பேர் ஜெபமும் மேலே போய் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இங்கே படிக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தை விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். செல்வின் வந்திருந்தான். கயத்தாற்றில், லாரிகள் நிற்கிற இடத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கிற ஒருவர், கம்பி கட்டின நேரத்தில் நான் அவர் கடையில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லத் தயாராக இருக்கிறாராம். நீயும் சொல்லவேண்டும். வீட்டில் இருந்தார் என்று அன்று பயத்தில் சொல்லிவிட்டேன், உண்மையில் கயத்தாற்றுக்குத்தான் போயிருந்தார் என்று நீ எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு பலமாகும் என்கிறான்.

இது பொய்தான். தெரியும். ஆனால் இந்தப் பொய் யாரையும் கொல்லாது, செய்யாத குற்றத்திலிருந்து ஒருவனை வெளியே எடுக்கும். கர்த்தர் அனுப்பின வழி இதுவாகவே இருக்கட்டுமே. செல்வின் கூப்பிட்டால் போ.

தேவதிரவியம்


நடுக்கரிசல்
14 மார்ச் 2023

அன்புள்ள அத்தான்,

போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போகவே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

செல்வின் என்னைக் கயத்தாற்றுக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். காப்பி கொடுத்தார். உங்களைப் பார்த்தே இராத அவர், அன்று நீங்கள் போட்டிருந்த சட்டை நிறத்தைச் சொன்னார். மோட்டாரில் எந்தப் பக்கம் புகை வந்தது, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், கைகழுவ எங்கே போனீர்கள் எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே உங்களை அந்தக் கடையில் பார்த்தது போல இருந்தது. அப்போதுதான் பயந்தேன். ஜெயசீலனும் வீட்டில் உட்கார்ந்து இப்படித்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பான்?

"வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டேன். "அக்கா, அத்தான் செயில்ல கெடக்குதாவ, ஒனக்குப் பெரிசா மனசாட்சி கேக்குதா?" என்று செல்வின் கத்தினான். பஸ் வருகிற வரைக்கும் தள்ளியே நின்றான்.

அத்தான், கூண்டில் ஏறி நான் சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது. இப்போது அதைப் பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால், அப்புறம் உலகத்தில் எங்குமே அது இருக்காது. கர்த்தருக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக நானே காரியத்தை முடித்துக்கொண்டால், அதற்குப் பேர் காத்திருப்பா?

வெளியே இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்பீர்கள். சரிதான். ஆனாலும் நான் அதில் கையெழுத்துப் போடமாட்டேன்.

பியூலா


பாளையங்கோட்டை
2 ஏப்ரல் 2023

பியூலா,

உன் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. சந்தோஷம். அதை வைத்துக்கொண்டு நன்றாக இரு.

இனி என்னைப் பார்க்க வராதே. எழுதவும் வேண்டாம். ஹெப்சியிடம் மட்டும், அப்பா கேட்டதாகச் சொல்.

தேவதிரவியம்


நடுக்கரிசல்
21 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தான்,

பதில் வராது என்று தெரிந்துதான் இதையும் எழுதுகிறேன். முன்பு எழுதியவற்றைப் படித்தீர்களா என்று தெரியவில்லை. உங்களைப் பார்க்க இரண்டு தடவை வந்தேன். நீங்கள் வெளியே வரவில்லை.

மதுரையில் கேஸ் இந்த மாதம் வருவதாக இருந்தது. மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். வக்கீலம்மா போனில் சொன்னபோது நான் நிலத்தில் முள் வெட்டிக்கொண்டிருந்தேன். வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்பில் காலை விட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் உங்களுக்கு எழுதியவள் தைரியசாலி. இன்று எழுதுகிறவள் அவள் இல்லை.

போன வாரம் கோயிலில் அசனப் பண்டிகை. ஊர் முழுக்க வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது. சோற்று வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தது ஜெயசீலன். என் இலைக்கு முன்னால் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். "மைனி, சோறு" என்றான். "வைங்க" என்றேன். வைத்தான். பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் பரிமாறுகிறான், ஊர் சாப்பிடுகிறது, நானும் சாப்பிடுகிறேன், நீங்கள் மட்டும் அங்கே. கைகழுவப் போனவள் கோயிலுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஒமக்கு வெக்கமா இல்லையா?" என்று கர்த்தரைக் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு அவர் போய்விட்டதாகவும் தோன்றவில்லை. என்னைத் திட்டவிட்டு, அங்கேயே நின்றார் என்றுதான் நினைக்கிறேன்.

ஹெப்சி நன்றாகப் படிக்கிறாள். நான் இன்னும் காத்திருக்கிறேன், முன்பு போல நிமிர்ந்து நின்று அல்ல.

பியூலா


நடுக்கரிசல்
28 டிசம்பர் 2023

அன்புள்ள அத்தான்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இத்தனை நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. அதனால்தான் எழுத முடியவில்லை.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. கண்மாய்க் கரை உடைந்து, தண்ணீர் தெற்குத் தெருவுக்குள் வந்துவிட்டது. நம் தெரு மேடு என்பதால் வாசலோடு நின்றது. காலையில் கதவைத் திறந்தால், மழைக்குள் பெருமாயி அக்கா நிற்கிறாள். ஆட்டுக்கிடைச் சுவர் இடிந்துவிட்டதாம். மிஞ்சிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றிருந்தாள்.

கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டைத் திறந்தேன். பழைய மோட்டார்களை ஓரமாக உருட்டிவிட்டு ஆடுகளை உள்ளே விட்டோம். ஆடுகள் உள்ளே போய்விட்டன, அவள் மட்டும் நனைந்துகொண்டே வெளியில் நின்றாள். நம் வீட்டுக் கூரைக்குக் கீழே வர அவளுக்குக் கால் எழவில்லை. நானும் போய் மழையில் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஏட்டி, நெசமாவே அவன் கட்டலையா?" என்று கேட்டாள்.

"கட்டலக்கா."

"அப்ப ஊரக் கூட்டிக் கத்த வேண்டியதுதான?"

"கத்துனேன். கேக்க ஆளில்ல."

முந்தானையால் முகத்து மழையைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்: "ஒந் தம்பி டீக்கடையில நின்னு ஒன்ன வஞ்சான். புருசன் செயில்ல கெடந்தாலும் பொய் சொல்லமாட்டேங்கா, இவ எல்லாம் ஒரு அக்காளான்னு. அன்னையில இருந்து எனக்கு ஒறக்கம் பிடிக்கல. புருசன வெளிய கொண்டாரக்கூடப் பொய் சொல்லாதவ, கூண்டுல ஏறி மட்டும் பொய் சொல்லியிருப்பாளா?"

அத்தான், அந்தக் கூண்டில் நான் சொன்னதை நம்பின முதல் ஆள் பெருமாயி அக்காதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வந்தாள். இன்னும் இங்கேதான் இருக்கிறாள். கிறிஸ்மஸ் அன்று ஹெப்சிக்கு ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

பயிர் எல்லாம் அழுகிவிட்டது. ஆனாலும் எனக்கு என்னவோ இந்த வருஷம் அறுவடை செய்தது மாதிரி இருக்கிறது.

பியூலா


பாளையங்கோட்டை
11 ஜனவரி 2024

அன்புள்ள பியூலா,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் தலையணைத் துணிக்குள் படிக்காமல் வைத்திருந்தேன். மழை பெய்த வாரம், டிவியில் நம் பக்கத்து ஊர்களைக் காட்டினார்கள். வீட்டுக் கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. நம் ஊர் பெயரைச் சொன்னார்களா என்று எல்லோரிடமும் கேட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் கடைசியாக உனக்கு எழுதினது அந்த ஏப்ரல் மாதக் கடிதம்தான் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். கோயில் சுவரைப் பார்த்து நீ சண்டை போட்டதைப் படித்துவிட்டு அழுதேன். இந்தப் பக்கம் சுவருக்குள் நின்று நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுதாதே என்றேன், எழுதினாய். வராதே என்றேன், வந்து நின்றாய். கர்த்தர் நேரம் தவறிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு இருந்தேனே, இத்தனை மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவன் நான்தான். அவரும் உன்னை மாதிரியேதான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார் போல.

கயத்தாற்று விஷயத்தில் நீ செய்ததை அன்று என்னால் ஏற்க முடியவில்லை. இன்று, நீ கையெழுத்துப் போட்டிருந்தால் பெருமாயி அக்கா உன் வாசலுக்கு வந்திருக்கமாட்டாள் என்பது மட்டும் தெரிகிறது.

ஜெயசீலன் விளங்காமல் போகவேண்டும் என்ற ஜெபம் இப்போது வாயில் வரவில்லை. அவனுக்காக நல்லதும் கேட்கவில்லை, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அவன் பெயரைச் சொல்கிறேன், அதோடு நிறுத்திவிடுகிறேன். மீதியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த தடவை வா. நான் வெளியே வருவேன்.

உன் தேவதிரவியம்


நடுக்கரிசல்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தான்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முந்தாநாள் ஈஸ்டர். திருவிருந்து ஆராதனை. ஜெயசீலன் வழக்கம் போல எழுந்தான். வெளியே போகப்போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக முன்னால் நடந்து வந்து மற்றவர்களோடு முழங்கால் போட்டான். ஐயர் அப்பத்தோடு அவன் முன்னால் வந்து நின்றார். அவன் கையை நீட்டவில்லை. எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினான்.

"கம்பி கட்டுனது நான். தேவதிரவியம் வேண்டாம்னுதான் சொன்னான். கோர்ட்டுல நான் சொன்னது பொய்" என்றான்.

ஐயர் தட்டைத் திரும்பப் பீடத்தில் வைத்தார். அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் தெரியாது போல. ஜெயசீலன் நான் இருந்த வரிசைக்கு வந்து நின்றான்.

"மைனி, ஒங்க தம்பி பொய்ச்சாட்சிக்கு ஆள் தேடுதான்னு கேள்விப்பட்ட அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சி. நீங்களும் ஒரு பொய் சொல்லிட்டா, ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிரும், தப்பிச்சிரலாம்னு நெனச்சேன். காத்துக் கெடந்தேன். நீங்க சொல்லல. பொறவு எனக்குச் சோறு எறங்கல. அசனத்தன்னைக்கு ஒங்க எலையில சோறு வச்சேன், நீங்க தின்னீங்க. அதுக்குமேல என்னால முடியல."

நான் அவனை மன்னித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. முன் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இத்தன நாளா" என்று மட்டும் கேட்டேன். "ஆமா மைனி" என்றான்.

ஐயரும் அவனும் பெருமாயி அக்கா வீட்டுக்கு நடந்தார்கள். சபை பூராவும் பின்னால் போனது. அக்கா புதிதாகக் கட்டின கிடையில் குட்டிகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கிறவரை கேட்டாள்.

"அவிய துடிச்சத நீ பாத்தியா?"

"இல்லக்கா. வீட்டுல படுத்துக் கெடந்தேன்."

"நானும் பாக்கல. ஆனா தெனமும் பாக்குதேன்." அப்புறம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்கிட்ட சொன்னது போதும். போ. போயி அங்கன சொல்லு."

போனான், அத்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னான். அடுத்து மாஜிஸ்திரேட் முன்னாலும் சொல்லப்போகிறான். வக்கீலம்மா நாளைக்கே மதுரையில் மனு போடுகிறார்கள்.

எனக்கு இன்னும் எழுதவேண்டும். கை ஓடவில்லை. ஹெப்சி வீட்டுக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

உங்கள் பியூலா


பாளையங்கோட்டை
17 ஜூன் 2024

அன்புள்ள பியூலா,

உன் ஈஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில், யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று வார்டர் ஓடிவந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். "ஏற்கெனவே படிச்சாச்சிப்பா. ஒங்கிட்ட குடுக்கும்போதே சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் குடுத்தேன்" என்றார்.

வக்கீலம்மா போன வாரம் வந்தார்கள். போன ஆகஸ்டில் கேஸ் எடுத்திருந்தால், பழைய சாட்சியை வைத்து நிச்சயம் தள்ளுபடி ஆகியிருக்குமாம். நாம் எந்தத் தள்ளிவைப்புக்காக அழுதோமோ, அதுதான் கதவை அடைக்காமல் வைத்திருந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். கயத்தாற்றுப் பரோட்டாக் கடைக் கதையை நாம் கோர்ட்டில் கொடுத்திருந்தால், இன்று ஜெயசீலன் சொல்வதையும் இன்னொரு கதை என்றுதான் நினைத்திருப்பார்களாம். அன்று உன்னைத் திட்டிக் கடிதம் எழுதின கை இதுதான்.

இப்போது நான் சொல்வதை மெதுவாகப் படி. ஜெயசீலனை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நேற்று ஞாயிறு, உள்ளே ஜெபக்கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். பாட்டு ஆரம்பித்த பிறகு அவன் வந்தான். கடைசியில், செருப்பு கழற்றுகிற இடத்தில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துவிட்டான், தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த நாளுக்காகத்தானே இத்தனை காலம் கையை முறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து அவன் பக்கமாக நடந்தேன். பாட்டு நின்றுவிட்டது. எங்கள் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

போகப் போக ஒன்று தெரிந்தது. இவன் வாய் திறக்கிறதற்காகத்தான் நான் உள்ளே இருந்த நாளெல்லாம் போயிருக்கிறது. கர்த்தர் அவனை ஒரு நாளில் அடித்துச் சாய்த்திருக்கலாம். நான் அதைத்தான் கேட்டேன். அப்படிச் சாய்த்திருந்தால் உண்மையும் அவனோடு மண்ணுக்குள் போயிருக்கும். நான் கேட்டது கிடைக்காததால்தான் இன்று வெளியே வரப்போகிறேன்.

"ஏலே, அங்கன ஏன் உக்காந்திருக்க? இங்கன வா" என்றேன்.

வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டான். நானே போய் அவன் பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். போதகர் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். பியூலா, நான் ஜெயித்துவிட்டேன். கோர்ட் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஜெயித்துவிட்டேன்.

உன் தேவதிரவியம்


நடுக்கரிசல்
10 செப்டம்பர் 2024

என் அன்பான அத்தானுக்கு,

வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் நான் சொல்லவேண்டும்.

காலையில் மதுரைக்குப் போனோம். நான், ஹெப்சி, செல்வின், பெருமாயி அக்கா. வெளியே உட்கார்ந்திருந்தால் போதும் என்று நான் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. "செத்தது எம் புருசன். உள்ள நானும் வருவேன்" என்று வந்துவிட்டாள். ஜட்ஜ் இங்கிலீஷில் வாசித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வக்கீலம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. விடுதலை. உங்கள் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செல்வின் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ சொன்னதுதான் நடந்துச்சி" என்று சொல்லி அழுதான். நான் ஒன்றுமே சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்றேன்.

கோவில்பட்டியில் இறங்கி ஊர் பஸ் பிடித்தோம். முதல் மழை விழுந்திருக்கிறது. வழியெல்லாம் டிராக்டர்கள் உழுதுகொண்டிருந்தன. பெருமாயி அக்கா ஜன்னலோரம் இருந்து, உழவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் சந்தோஷத்தின் நடுவில் அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊரில் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நம் கோயிலுக்குள் நடந்தாள். மணியடிக்கிற கோயில்குட்டியார் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கோயில் வாசல்படி மிதித்தது இல்லை, அத்தான். ஆடு பத்தி மேய்க்கிற கை, விடாமல் இழுத்தது. மணி ஊர் தாண்டிக் கேட்டது. வேலைநாளில் மணி அடித்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். காட்டில் உழுதுகொண்டு நின்ற ஆட்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். "யாரு செத்தா? யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அவள் கயிற்றை விடாமலேயே சொன்னாள்.

"யாரும் சாகலப்பா. ஒருத்தன் உசுரோட வீட்டுக்கு வாரான்."

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பாட்டும் அழுகையுமாக இருந்தது. ஜெயசீலன் பெண்டாட்டி கோயில் வேலியோரம் ஒதுங்கி நின்றாள். நான் போய் உள்ளே கூட்டி வந்தேன். பெருமாயி அக்கா அவளைப் பார்த்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆர்டர் வந்து சேர்ந்து உங்களை விட வெள்ளிக்கிழமை ஆகும் என்கிறார் வக்கீலம்மா. வேன் பேசியாயிற்று. ஐயர் வருகிறார், செல்வின் வருகிறான், பாதி ஊர் வருகிறது.

இரண்டு வருஷமாக உங்களுக்குப் பொறுமையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள் நான். இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வரைக்கும் எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கட்டும்.

கேட்டைத் திறந்ததும் நடந்து வராதீங்க அத்தான். ஓடி வாங்க.

உங்கள் பியூலா